சும்மா நிறுத்தினால் கெடும்

லைகமிங் நிறுவனம் தன் நான்கு சிலிண்டர் விமான எஞ்சின்களுக்கு ஆயுள் சொல்லும்போது இரண்டு எண்களைத் தருகிறது. பெரும்பாலானவற்றுக்கு 2000 மணி நேரம் ஓடிய பிறகு அல்லது 12 ஆண்டுகள் கழிந்த பிறகு, எது முந்துகிறதோ அப்போது, முழுக்கப் பிரித்து ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது. முதல் எண் சொந்த விமானக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டாவது எண்ணைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை. அமெரிக்காவில் ஒரு செஸ்னா 172 வைத்திருப்பவர் வருடத்துக்கு 50 மணி நேரம் பறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய எஞ்சின் 2000 மணியை எட்ட 40 ஆண்டுகள் வேண்டும். 12 ஆண்டு முடியும்போது ஓடியிருப்பது வெறும் 600 மணிதான். ஓடித் தேய்வதற்கு வெகு முன்பே அது நின்று கெட்டுவிடலாம் என்று செய்தவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதே எஞ்சின் ஒரு பயிற்சிப் பள்ளியின் விமானத்தில் இருந்தால், இறங்கக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் நாள் முழுக்கத் தரையில் தடால் தடாலென்று போட்டாலும், வருடத்துக்குச் சில நூறு மணி ஓடி 2000-ஐ அலட்டிக்கொள்ளாமல் தாண்டுகிறது. முரட்டுக் கைகளில் பிழைப்பது, அருமை தெரிந்தவரின் ஹேங்கரில் துணி போர்த்தி நிற்கும்போது கெடுகிறது. சிறு விமானத்துக்கு அதன் சொந்தக்காரரால் வரும் கேடு பெரும்பாலும் இரண்டு வழியில் வருகிறது என்பது என் கட்சி: பறக்காமல் வைத்திருப்பது ஒன்று, அவசியமில்லாமல் பிரித்துப் பார்ப்பது மற்றொன்று. இரண்டுமே அக்கறையின் பெயரால்தான் நடக்கின்றன.

முதலாவதை விளக்குவது சுலபம். லைகமிங் எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் மெல்ல வழிந்து கீழே போய்விடும். சில வாரங்களில் கேம்ஷாஃப்ட் ஏறக்குறைய வெறும் இரும்பாக நிற்கும். அதைத் தின்னக் காத்திருக்கும் ஈரத்தை எஞ்சின் தானே தயாரித்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். மணிக்கு முப்பது லிட்டருக்குமேல் குடிக்கும் எஞ்சினில் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகிப் புகையோடு வெளியேறினாலும், கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலந்துவிடுகிறது. ஆயில் நன்றாகச் சூடேறி அந்த நிலையிலேயே வெகு நேரம் இருந்தால்தான் அது வெளியேறும். ஆயில் சூடு 74 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல், 30 நாளுக்கு ஒருமுறையாவது, ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்று லைகமிங் கேட்பது அதனால்தான். பறக்க நேரமில்லாதவர் ஞாயிற்றுக்கிழமை வந்து தரையிலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவதுண்டு. அவர் செய்தது புதிதாகத் தண்ணீர் ஊற்றியதுதான். அதை விரட்டும் அளவுக்கு ஆயில் சூடாகியிருக்காது. எதுவும் செய்யாமல் வீட்டிலேயே படுத்திருந்தால் எஞ்சினுக்கு உபகாரமாக இருந்திருக்கும்.

இரண்டாவது கேட்டைச் சொல்ல ஒரு உயிரியலாளரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. கான்ராட் ஹால் வாடிங்டன் கருவியல் ஆராய்ச்சியாளர். கோழிக் கருவைக் கீறி, ஒட்டவைத்து, அது எப்படி வளர்கிறது என்று பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். இன்று பத்திரிகைகளில் புழங்கும் எபிஜெனடிக்ஸ் என்ற பெயரை 1942-இல் வைத்தவரும் அவரே. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில், ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடி அலைந்த விமானங்களைப் பற்றிக் கணக்குப் பார்க்கும் விஞ்ஞானிகளின் குழுவில் அவர் இருந்தார். அங்கே ஒரு தலைவலி: விமானங்கள் கடல்மேல் இருந்த நேரத்தைவிடப் பட்டறையில் கிடந்த நேரம் அதிகம். ஐம்பது மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் சோதித்துப் பழுது பார்க்கும் ஏற்பாடு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. சோதனைகளுக்கு நடுவில் எதிர்பாராமல் வந்த பழுதுகளை, கடைசிச் சோதனைக்குப் பின் எத்தனையாவது மணியில் வந்தன என்று அந்தக் குழு வரிசைப்படுத்திப் பார்த்தது. சோதனை உண்மையிலேயே பயனுள்ளது என்றால், அது முடிந்த கையோடு பழுதுகள் மிகக் குறைவாக இருந்து, மணிகள் ஏற ஏறக் கூடிக்கொண்டே போக வேண்டும். கோடு நேர் எதிராக வந்தது. சோதனை முடிந்ததும் பழுதுகள் உச்சத்தில் நின்றன. பறக்கப் பறக்கக் குறைந்துகொண்டே வந்தன. அடுத்த சோதனை நெருங்கும்போதுதான் விமானம் மிக நல்ல நிலையில் இருந்தது. உடனே அதைப் பட்டறைக்கு இழுத்துப்போய் மறுபடியும் கெடுத்தார்கள். ஓரளவு ஒழுங்காக இருந்த ஒன்றைக் கலைப்பதன் மூலம் சோதனையே தீங்கு செய்கிறது என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வர வழியில்லை என்று வாடிங்டன் எழுதினார். சோதனை இடைவெளியை நீட்டி, வேலைகளைக் குறைத்து, பலன் இருப்பதாகத் தெரிந்தவற்றை மட்டும் செய்தபோது பறக்கும் நேரம் கணிசமாகக் கூடியது. இதையெல்லாம் சொல்லும் அவருடைய புத்தகம் 1973-இல்தான் வெளியானது. மெக்கானிக்குகளின் படை ஒன்று பல ஆண்டுகளாகப் பார்க்காததை ஒரு கருவியலாளர் பார்த்தாரே என்று வியக்கத் தோன்றும். கத்தியை உள்ளே விட்டாலே உள்ளிருப்பது மாறிவிடும் என்பது, கருவைக் கீறிப் பழகியவருக்குச் சட்டென்று பிடிபட்டிருக்கலாம்.

போர்க்காலத்துக் கதையை வைத்து வாரக்கடைசியில் பறப்பவருக்குப் புத்தி சொல்லலாமா என்று கேட்கலாம். களைத்த ஆட்கள், அவசரம், உப்புக் காற்று எல்லாம் அங்கே உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் போர் முடிந்து முப்பது ஆண்டு கழித்து, யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் இருவரும் நிதானமான சூழ்நிலையில் பயணிகள் விமானங்களின் பாகங்களை ஆராய்ந்து 1978-இல் வெளியிட்ட அறிக்கையும் அதே முடிவுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. பாகங்களில் 89 சதவீதத்துக்கு, இத்தனை வயதானால் கழற்றிவிட வேண்டும் என்று எல்லை வைப்பதில் பயனில்லை என்றது அது. 68 சதவீதத்தில், புதிதாகப் பொருத்திய தொடக்கத்தில்தான் பழுது அதிகம். அதன்பின் மட்டமாக ஓடும். அவை ஜெட் விமானங்கள், பிஸ்டன் எஞ்சின் தேய்கிற சாதி என்று அடுத்த மறுப்பு வரும். தேயும்தான். ஆனால் அது பெரும்பாலும் அறிவித்துவிட்டுத் தேய்கிறது. கேம்ஷாஃப்ட் உரிந்தால் ஆயில் ஃபில்டரில் இரும்புத் துகள் வரும். ஃபில்டரை வெட்டி, மடிப்பைப் பிரித்து, காந்தத்தை ஓட்டினால் தெரியும். எக்ஸாஸ்ட் வால்வு எரியத் தொடங்கினால், ஸ்பார்க் பிளக் துளை வழியே சின்னக் கேமராவை விட்டுப் பார்க்கையில் அதன் முகத்தில் சூட்டின் தடம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். இரண்டுக்கும் ஒரு சிலிண்டரைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. கம்ப்ரெஷன் குறைவு என்று ஒரு எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் சிலிண்டரைப் பிடுங்கும் பழைய வழக்கத்துக்கு எதிராக, முதலில் கேமராவை விட்டுப் பாருங்கள் என்று இன்னொரு எஞ்சின் தயாரிப்பாளரான கான்டினென்டல் நிறுவனம் 2003-இல் சுற்றறிக்கையே அனுப்ப வேண்டியிருந்தது. பிடுங்கிய சிலிண்டரைத் திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளைச் சரியான அளவில் முறுக்காவிட்டால், பறக்கும்போது அந்தச் சிலிண்டரே கழன்றுபோகக்கூடும். சந்தேகத்துக்காகச் செய்த வேலை, சந்தேகித்ததைவிடப் பெரிய ஆபத்தைக் கொண்டுவந்து மாட்டிவிடும்.

அப்படியானால் வருடாந்தர ஆய்வே வேண்டாமா? அமெரிக்கச் சட்டப்படி 12 மாதத்துக்கு ஒருமுறை அதைச் செய்தே ஆக வேண்டும், அது சரியும்கூட. ஐம்பது வருஷத்து விமானங்கள் சர்வசாதாரணமாகப் பறக்கும் நாட்டில் இறக்கையின் துருவையும் கேபிளின் நைவையும் யாராவது பார்க்காமல் விட முடியாது. பார்ப்பதில் எனக்குத் தகராறு இல்லை. பார்க்கப் போனவர், திறந்தது திறந்தாகிவிட்டது, இதையும் மாற்றிவிடுவோம் என்று தொடங்கும் இடத்தில்தான் தகராறு. விமானத்தின் பறக்கும் குணத்தை மாற்றியிருக்கக்கூடிய வேலை நடந்திருந்தால், பயணிகளை ஏற்றுமுன் விமானி அதைப் பறந்து சோதிக்க வேண்டும் என்று அதே சட்டம் விதிக்கிறது. பட்டறையிலிருந்து வருவது சற்றுச் சந்தேகத்துக்குரிய பொருள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்தே இருந்தார்கள். உரிமையாளர்கள்தான் மறந்து, ஆய்வு முடிந்த அன்றே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைமேல் பறக்கிறார்கள்.

மிச்சமிருக்கும் மறுப்பு காசைப் பற்றியது, அதுதான் கனமானது. அடிக்கடி பற என்பது எண்ணெய்க் கம்பெனிக்கு இனிக்கும் உபதேசம். விமான பெட்ரோல் மலிவு அல்ல. ஆனால் ஹேங்கர் வாடகை, காப்பீடு, வருடாந்தர ஆய்வு மூன்றும் விமானம் பறந்தாலும் நின்றாலும் வந்து சேர்கின்றன. நிற்கும் விமானம் பெட்ரோலில் மிச்சம் பிடித்ததை ஒரே ஒரு கேம்ஷாஃப்ட் விழுங்கிவிடும், ஏனென்றால் அதை மாற்ற எஞ்சின் உறையையே இரண்டாகப் பிளந்தாக வேண்டும். விமானிக்கும் இதில் பங்குண்டு. பயணிகளை ஏற்றப்போகிறவர் கடந்த 90 நாளில் மூன்றுமுறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. குறைந்தபட்ச எல்லை அது. சிறு விமான விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் காரணமாவதில்லை, ஓட்டியவர்தான் காரணம். ஆண்டுக்கு 50 மணியே பறந்து, மிச்ச நேரத்தில் எஞ்சின் மூடியைத் திறந்து பாசத்தோடு உள்ளே பார்க்கிறவர், மெருகேற்ற வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்கச் சிறு விமானக்காரர்களிடையே நூறு டாலர் ஹாம்பர்கர் என்று ஒரு கேலி உண்டு. சனிக்கிழமை காலை வேறு வேலையில்லாமல் பக்கத்து ஊர் விமான நிலையத்துக்குப் பறந்து, ஓடுபாதை ஓரத்து உணவகத்தில் ஒரு ஹாம்பர்கரைத் தின்றுவிட்டுத் திரும்புவது. பெட்ரோலையும் சேர்த்தால் அதன் விலை நூறு டாலர். இப்போது அந்தத் தொகைக்குக் கிடைக்காது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. வீண் செலவுக்கு உதாரணமாக மனைவிமார் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள் என்பார்கள். மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி என்றால், அந்த விமானத்துக்குச் சொந்தக்காரர் செய்யும் பராமரிப்பில் இதைவிட உருப்படியானது அதிகம் இல்லை. ஒரே நிபந்தனை, உணவகம் ஒரு மணி நேரத் தொலைவிலாவது இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் ஊரில் எவ்வளவு நல்ல ஹாம்பர்கர் போட்டாலும், ஆயில் சூடாவதற்குள் இறங்க வேண்டியிருக்கும்.