கேஸ் எங்கே போனது?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எங்கள் புதுச்சேரியில் கார் வைத்திருப்பவர்களின் முதல் புலம்பல், "ஏசி குளிரவே மாட்டேங்குது சார்" என்பதுதான். அதற்குக் கிடைக்கும் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "கேஸ் போடுங்க, சரியாயிடும்." இந்தப் பதிலைக் கொஞ்சம் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பௌதிகம் எடுத்த முசியே ஒருநாள் எங்கள் புறங்கையில் இரண்டு சொட்டு ஓ-தெ-கொலோஞ் விட்டு, "ஊதுங்கள்" என்றார். ஊதினோம், சில்லென்றது. திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அதற்குப் பெயர் 'ஷலேர் லதாந்த்' என்றார். உள்ளுறை வெப்பம் என்று தமிழில் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். இதே தத்துவத்தில் இயந்திரம் செய்து, 1876-ல் ரூவான் நகரிலிருந்து புவெனஸ் அய்ரெஸுக்குக் கப்பலில் இறைச்சியைக் கெடாமல் கொண்டுபோனவர் ஷார்ல் தெலியே என்ற பிரெஞ்சுக்காரர். கார் ஏசியும் அதே சங்கதிதான். கொலோஞ் காற்றோடு போய்விடும். காரில் இருக்கும் கேஸ் போகாது. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது, முன்பக்கத்து கண்டென்சரில் சூட்டை விட்டுத் திரவமாகிறது, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிக் குளிரைத் தருகிறது, மறுபடி கம்ப்ரசருக்கே திரும்புகிறது. மூடிய வட்டம். பெட்ரோல் போல எரிந்து தீர்ந்துபோகிற பொருள் அல்ல. பல வருடங்களில் ரப்பர் குழாய் வழியாகச் சிறிது கசியலாம். ஒரே மாதத்தில் குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் கார் ஏசி ஆடம்பரம் இல்லை. என் மனைவிக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அவள் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீருக்கு டாக்டர் அளவு போட்டிருக்கிறார். காபி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்குச் சிகிச்சை முடிந்து களைத்து வருபவளை அனலடிக்கும் காரில் உட்கார வைத்தால் தாகம் எடுக்கும். தாகத்துக்குக் குடித்தால் அடுத்த முறை மூச்சு முட்டும். "ஏங்க, ஜன்னலைத் திறந்து வைங்க, போதும்" என்பாள். போதாது என்று இருவருக்கும் தெரியும்.

அந்த வருடம் ஏப்ரலில் காரை சர்வீஸுக்கு விட்டபோது "கேஸ் குறைவு" என்று நிரப்பிக் கொடுத்தார்கள். பத்து நாள் நன்றாகக் குளிர்ந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மே முதல் வாரத்தில் வெறும் காற்றுதான் வந்தது. திரும்பப் போனால், "கம்ப்ரசர் ஓடவே இல்லை, போயிடுச்சு. மாத்தணும், 28,000 ஆகும்" என்றார்கள். பென்ஷன்காரனுக்கு அது சின்னத் தொகை அல்ல. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

அலுவலகத்தில் ஒரு கோப்பு காணவில்லை என்றால் எடுத்தவுடன் தலைமைச் செயலகத்துக்கு எழுத மாட்டோம். முதலில் பக்கத்து மேஜை, பிறகு தபால் பதிவேடு, பிறகு அடுத்த பிரிவு என்று வரிசையாகத்தான் தேடுவோம். ஏசிக்கும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. செலவில்லாததிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் கேள்வி: காற்றே குறைவாக வருகிறதா, அல்லது காற்று நன்றாக வந்தும் குளிர் இல்லையா? இரண்டும் வேறு வேறு வியாதி. காற்றே குறைவென்றால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் இடப்பக்கம் முன்சீட்டுக்கு எதிரே உள்ள பெட்டிக்குப் பின்னால் இருக்கும். தூசியும் சருகும் அடைத்துக்கொண்டிருந்தால், சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

இரண்டாவது: வெளிக்காற்றை இழுக்கும் பொத்தான் திறந்திருக்கிறதா? உள்காற்றையே சுழலவிட்டால்தான் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் குளிரும்.

மூன்றாவது: வண்டி ஓடும்போது குளிர்ந்து, இந்திரா காந்தி சதுக்கத்து சிக்னலில் நின்றால் அனலாகிறதா? அப்படியானால் முன்பக்க ஃபேன் சுற்றவில்லை, அல்லது கண்டென்சரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கின்றன.

நான்காவது: பானெட்டைத் திறந்து, ஏசியைப் போடச் சொல்லிக் கேளுங்கள். கம்ப்ரசர் முன்னால் உள்ள கிளட்ச் 'டிக்' என்று ஒட்டிச் சுற்ற வேண்டும். (சில புதிய கார்களில் இந்தக் கிளட்ச் கிடையாது.) பெல்ட் பக்கம் கையோ துண்டோ போகக் கூடாது. ஒட்டவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே பார்க்க வேண்டும்.

எங்கள் காரில் காற்று நன்றாக வந்தது, ஃபேன் சுற்றியது, ஃபியூஸ் நன்றாக இருந்தது. கிளட்ச் மட்டும் ஒட்டவில்லை. இதைச் சொல்லி, வில்லியனூர் பக்கம் ஏசி வேலை மட்டும் பார்க்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, உள்ள கேஸே இல்ல. கேஸ் ரொம்பக் குறைஞ்சா கம்ப்ரசர் ஓடாம இருக்க ஒரு சுவிட்ச் வச்சிருக்காங்க. கேஸோடதான் ஆயிலும் சுத்துது. அது இல்லாம ஓடினா கம்ப்ரசர் பிடிச்சுக்கும். அதைக் காப்பாத்தத்தான் நிக்குது" என்றார். கொஞ்சம் கேஸ் விட்டார். 'டிக்.' போயே போய்விட்டது என்று சொன்ன கம்ப்ரசர் ஓடியது.

"அப்போ கேஸ் எங்கே போச்சு?" என்று கேட்டேன். "அதான் கேள்வி" என்று சிரித்தார். கண்டென்சரின் கீழ்மூலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்த இடத்தைக் காட்டினார். கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் கசியும். அங்கே சோப்புத் தண்ணீரைத் தடவினார், குமிழி வந்தது. கடற்கரை ஊரில் உப்புக்காற்று அலுமினியத்தை அரிப்பது புதிதல்ல என்றார்.

கண்டென்சரையும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றினார். முக்கால் மணி நேரம் வேக்குவம் போட்டு, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான், பானெட் ஸ்டிக்கரில் போட்டிருந்த கிராம் கணக்குப்படி எடை பார்த்து கேஸ் ஏற்றினார். எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய். அந்த வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் அவள் தண்ணீர் பாட்டிலைத் தொடவில்லை. மரப்பாலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள்.

இதைப் படிக்கும் நண்பர்கள் மெக்கானிக்கிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். கேஸ் குறைந்திருந்தால் எங்கே கசிகிறது? கம்ப்ரசர் ஓடவில்லை என்றால் கேஸ் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்தீர்களா? நிரப்புவதற்கு முன் வேக்குவம் போடுவீர்களா? நல்ல தொழில்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். கேஸ் குழாயை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம். ஆர்-134ஏ என்ற அந்தத் திரவம் வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். தோலில் பட்டால் உறைந்து புண்ணாகிவிடும்.

வண்டி கொஞ்ச நேரம் நின்ற இடத்தில் அடியில் தண்ணீர் சொட்டியிருந்தால் பயப்படாதீர்கள். கூலிங் காயிலில் படிந்த ஈரம் அது. ஏசி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.