கூரைக்கும் ஓர் அவசரகாலம்

ஈப்போப் பழைய நகரில் இரவு ஏறியதும் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. பகலெல்லாம் வாங்குவோரும் விற்போரும் நடமாடிய ஐந்தடி நடைபாதை அதன் பின்னர் படுக்கையாகிறது. அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து, துணிப்பையைத் தலைக்கு அணையாக்கி, முதியவர் ஒருவர் அங்கே சாய்கிறார். அவர் பெயர் எதுவாகவும் இருக்கலாம். சுங்கை சிப்புட்டிலோ தாப்பாவிலோ ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, நாற்பது ஆண்டுக் காலம் பால்மரம் சீவியவராக இருக்கலாம். ஒருவரல்லர் இவர், பலரின் சாயல்.

இவரை வீடிழந்தவர் என்று சொல்வது வழக்கம். ஆராய்ந்து பார்த்தால் அச்சொல் பொருந்தாது. இழப்பதற்கு இவருக்கு வீடு என்று ஒன்று எப்போது இருந்தது? விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆள் நிற்க வேண்டுமென்றால் ஆள் அருகிலேயே உறங்க வேண்டும். அந்தத் தேவைக்காக எழுந்தவையே லயங்கள். வெள்ளையர் காலத் தொழிற்சட்டங்கள் தோட்ட முதலாளியே குடியிருப்பு தரவேண்டும் என விதித்தபோது அதில் கருணையும் இருந்தது, கணக்கும் இருந்தது. உளி, வாளி, மங்கு ஆகியவற்றோடு வீடும் ஒரு தொழிற்கருவியாகவே கொடுக்கப்பட்டது. வேலை முடிந்த நாளில் உளியைத் திருப்பிக் கொடுப்பதுபோல் வீட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாசலில் நட்ட முருங்கையும், பின்புறத்தில் வளர்த்த கறிவேப்பிலையும், லயத்தின் கோடியில் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட முனியாண்டியும் அந்தக் கணக்கில் சேரமாட்டா.

இந்த நிலையின் ஆபத்து ஒரே நாளில் வெளிப்படவில்லை. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. துண்டாடல் என்னும் சொல் அன்று தோட்டத்து மக்களின் நாவில் இடி விழுந்ததுபோல் ஒலித்தது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டின் மைந்தரான வீ. தி. சம்பந்தன் அதற்கு ஒரு விடை கண்டார். பால்மரத் தொழிலாளரின் சிறு சேமிப்புகளைத் திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்குவதற்காக, 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கூலிக்காரன் தோட்ட உரிமையாளனாகலாம் என்று எண்ணிய துணிவு போற்றத்தக்கது. ஆயினும் ஒரு கூட்டுறவுச் சங்கம் எத்தனை தோட்டங்களைத்தான் வாங்கிவிட முடியும்? 1969இல் வேலை அனுமதிச் சீட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தபோது, குடியுரிமை பெறாத பல்லாயிரம் பேர் கப்பலேறினர். எஞ்சியோரில் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தினர். மலிவுவிலை வீட்டுக்கு விண்ணப்பிக்கக் குடியுரிமை வேண்டும் என்று பாரம் கேட்கும்போது, அந்த அட்டையின் நிறம் வாழ்நாள் முழுவதும் விடாமல் பின்தொடர்கிறது.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுத்த சட்டம் 1990இல் பிறந்தது. குடிநீர், மின்சாரம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை அது பேசுகிறது. நல்ல சட்டமே. ஆனால் அது வேலையிலிருக்கும் தொழிலாளிக்கு உரியது. ஓய்வு பெற்ற மறுநாள் அவன் எங்கே படுப்பான் என்பதற்கு அதில் விடையில்லை. ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணம், அதிலும் நாட்கூலியில் பிடித்த பணம், மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் போனபின், நகரத்தில் ஓர் அறையின் முன்பணத்துக்குக்கூட எட்டுவதில்லை.

இங்கே சுங்கை சிப்புட்டின் மற்றொரு நினைவைத் தொட வேண்டியிருக்கிறது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அவ்வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்டத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டப்படி, காட்டோரங்களில் குடிசையிட்டு வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், சில ஆண்டுகளுக்குள் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். ஐந்து இலட்சம்! நிலம் கிடைத்தது, பணம் கிடைத்தது, லாரி கிடைத்தது, அதிகாரி கிடைத்தார். கோப்பு மேசைக்கு மேசை அலையவில்லை. பேராக்கில் அப்புதுக்கிராமங்கள் பல இன்றும் உயிருள்ள ஊர்களாக நிற்கின்றன.

அதைப் பொற்காலம் என்று கொண்டாட எவரும் துணியமாட்டார். முள்வேலி போட்டு, ஊரடங்கு விதித்து, அரிசியை அளந்து கொடுத்த குடியமர்த்தல் அது. பழைய குடிசைகள் எரிக்கப்பட்டதும் உண்டு. தோட்டங்களிலும் சிதறிக்கிடந்த லயங்கள் ஒன்றாகக் குவிக்கப்பட்டு வேலியிடப்பட்டன. அரசுக்கு அன்று மக்களின் உறைவிடம் குறித்த கவலையைவிடக் காட்டிலிருந்தோருக்கு உணவு போய்விடுமே என்னும் அச்சமே பெரிது. எனினும் ஓர் உண்மையை மறைக்க இயலாது: வேண்டும் என்று அரசு முடிவு செய்துவிட்டால் இடமில்லை, பணமில்லை என்னும் பேச்சு எழுவதில்லை.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, கோலாலம்பூர்த் தெருக்களில் உறங்கியோர் மண்டபங்களுக்கும் தற்காலிகத் தங்குமிடங்களுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அதே மாத இறுதியில் இங்கிலாந்து அரசு, தெருவில் படுப்போர் அனைவரையும் உள்ளே கொணருமாறு ஊராட்சி மன்றங்களைப் பணிக்க, விடுதி அறைகள் திறந்தன. தொற்றுநோய் எல்லாரையும் தொட்டுவிடும் என்ற அச்சம் பல்லாண்டுச் சிக்கலை நாட்கணக்கில் அவிழ்த்தது. அச்சம் தணிந்ததும் சிக்கல் மீண்டும் முடிச்சிட்டுக்கொண்டது. பின்லாந்து மட்டும் 2008 முதலே வேறு வழி கண்டது. முதலில் வீடு, மற்றவை பிறகு என்பது அந்நாட்டுக் கொள்கை. குடியை விட்டுவா, வேலை தேடிவா, அதன்பின் வீடு என்று நிபந்தனை போடவில்லை. தெருவில் உறங்குவோர் தொகை அங்கே பெரிதும் குறைந்தது.

மலேசியாவிலோ வீடற்றவனைப் பற்றிப் பேசும் சட்டம் 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம். உறைவிடமோ பிழைப்புக்கு வழியோ இல்லாமல் பொது இடத்தில் காணப்படுபவனைப் பிடித்து, நீதிபதிமுன் நிறுத்தி, நலன்புரி இல்லத்துக்கு அனுப்ப அது இடந்தருகிறது. கதவு வெளியிலிருந்து பூட்டப்படும் ஓர் இடத்தை வீடு என்று எந்த மொழியில் அழைப்பது? அவசரம் என்னும் சொல்லை எடுத்தாளும்போது வேகத்தை எடுத்துக்கொண்டு வேலியை விட்டுவிட வேண்டும். இச்சட்டமோ வேகத்தை விட்டுவிட்டு வேலியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

தமிழ் கற்பிப்போரும் கற்போரும் அறிந்ததுதான்: மணிமேகலைக் காப்பியம் அறத்துக்கு விளக்கம் கூறுமிடத்தில் உணவு, உடை இவற்றோடு உறைவிடத்தையும் சேர்த்தே கூறுகிறது. பாத்திரமேந்திய மணிமேகலையின் கோலம் மட்டும் நம் நெஞ்சில் நின்றுவிட்டது, உறைவிடம் மறந்துபோயிற்று. தைப்பூசத்தன்று ஈப்போ குனோங் சீரோ ஆலயத்து அடிவாரத்தில் பசியோடு திரும்புபவர் அரிது. பந்திக்குப் பின் பந்தியாகச் சோறு பரிமாறப்படுகிறது. தண்ணீர்ப்பந்தல்களில் மோர் ஓடுகிறது. உண்டு எழுந்த முதியவர் இரவை எங்கே கழிப்பார் என்று கேட்பவர் மட்டும் இல்லை. சோறு ஒரு நாள் ஈகையால் முடியும். கூரைக்கு நிலம் வேண்டும், அனுமதி வேண்டும், ஆகவே அரசு வேண்டும்.

அரசு என்றதும் எந்த அரசு என்னும் கேள்வி எழும். நிலம் மாநிலத்தின் அதிகாரம். வீடமைப்பும் சமூகநலனும் மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொது. பொதுவான பொருள் யாருடையதும் அன்று என்பது அலுவலக வழக்காயிற்று. ஈப்போவைக் கேட்டால் புத்ராஜெயாவைக் காட்டுவதும், புத்ராஜெயாவைக் கேட்டால் ஈப்போவைக் காட்டுவதும் எளிது. அவசரகாலத்தில் இத்தகைய கைகாட்டலுக்கு இடமில்லை. ஒருவரை நியமித்து, நாள் குறித்து, பொறுப்பை அவர் தலையில் வைப்பார்கள். தெருவில் முதல் இரவைக் கழிக்கப் போகிறவருக்கு அன்றே ஓர் அறை. அடுத்த சில மாதங்களுக்குள் அவர் பெயரில் ஒரு சாவி. அதற்கு ஒரு மாவட்ட அதிகாரியைப் பொறுப்பாக்கினால் போதும். புதிய இலாகா ஒன்றும் வேண்டியதில்லை.

தெருவுக்கு வந்தபின் தேடுவதைவிட லயத்திலேயே தடுத்து நிறுத்துவது இன்னும் எளிது. விவசாய நிலமாக உள்ள ஒரு தோட்டம் வீட்டுமனைகளாக வேண்டுமானால், 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி நிலப் பயன்பாட்டை மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாமல் ஒரு செங்கல்லும் ஏறாது. நிறுவனம் வந்து நிற்கும் அந்த ஒரு வாசலில், லயத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கேயே ஒரு வீடு, ஓய்வு பெற்றோர்க்கும் சேர்த்து, கட்டி முடித்துச் சாவியைக் கொடுத்த பிறகே மற்ற வேலை என்று நிபந்தனை எழுதத் தடையொன்றும் இல்லை. கையெழுத்து விழுமுன் ஓர் அதிகாரி தோட்டத்துக்குப் போய், விளக்கெரியும் வீடுகள் எத்தனை என்று எண்ணி வர ஒரு மாலைப்பொழுது போதும்.