எதுக்களிப்புக் குறிப்புகள்

அம்மா இதை நெஞ்சுக்கரிப்பு என்பார், ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுப்பார். அண்ணன் கேஸ்ட்ரிக் என்கிறார். கிளினிக்கில் ரிஃப்ளக்ஸ் என்று எழுதுகிறார்கள். நம் மொழியில் இதற்கு இன்னும் நுணுக்கமான சொற்கள் உண்டு. மார்பு எரிந்தால் நெஞ்செரிச்சல். புளிப்போடு காற்று வந்தால் புளியேப்பம். உண்டது தொண்டைவரை திரும்பி வந்தால் எதுக்களிப்பு. இவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. எரிச்சலை மாத்திரை நன்றாகவே அடக்கும், எதுக்களிப்பை அந்த அளவுக்கு அடக்காது. மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கிறது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் தளர்ந்துபோன கதவை அது சாத்துவதில்லை.

*

அண்ணனுக்கு 52 வயது. கிள்ளான் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை, வீடு ஷா ஆலமில். இரவு 11 மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரிக். 12 மணிக்குப் படுக்கை. 2 மணிக்குத் தொண்டையில் புளித்த நீரோடு இருமிக்கொண்டு எழுவார். அண்ணி கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருக்கிறார். 12 ஆண்டுகளாக ஒமிப்ரசோல்.

“ஆப்ரேஷன் பண்ணிட்டா தீந்துடும்ல, தங்கச்சி? நல்ல சர்ஜனா பாரு.”

அன்று தொடங்கியது இந்தத் தேடல்.

*

முதல் சந்திப்பு ஒரு தனியார் மருத்துவமனையில். சர்ஜன் எண்டோஸ்கோபி அறிக்கையைப் புரட்டினார். இன்ஷூரன்ஸ் அட்டை இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த வியாழக்கிழமை செய்துவிடலாம் என்றார். மொத்தம் 10 நிமிடம். அண்ணன் முகத்தில் நிம்மதி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவருடைய கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அண்ணனின் உணவுக்குழாய் எப்படி வேலை செய்கிறது என்று அவர் அளந்து பார்க்கவே இல்லை. சட்டை தைப்பவர்கூட நாடாவை எடுக்காமல் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை.

*

அன்றிரவு படித்தது. 2019இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு. மாத்திரைக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்டவர்கள் 366 பேர். எல்லாச் சோதனைகளும் முடிந்து, அறுவையையும் மருந்தையும் ஒப்பிடும் கட்டத்துக்கு வந்தவர்கள் 78 பேர் மட்டுமே. 42 பேருக்கு மாத்திரையை முறையாகச் சாப்பிட்டதுமே எரிச்சல் தணிந்துவிட்டது. 99 பேருக்கு எரிச்சல் உண்டு, ஆனால் அமிலம் அதற்குக் காரணமில்லை. மற்றவர்கள் வேறு காரணங்களால் விலகினார்கள்.

அந்த 78 பேரில் அறுவைப் பிரிவினரில் 67 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. மருந்துகளைக் கூட்டிக் கொடுத்த பிரிவில் 28 விழுக்காடு.

தகுந்த ஆளுக்கு அறுவை நன்றாகவே கைகொடுக்கிறது. தகுந்த ஆள் யார் என்று கண்டுபிடிப்பதில்தான் பாதிக்குமேல் வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்கிற சர்ஜனைத்தான் நாங்கள் தேட வேண்டும்.

*

மாத்திரையை முறையாகச் சாப்பிடுவது என்றால் என்ன? அண்ணனைக் கேட்டேன். இரவு சாப்பிட்டுவிட்டு, படுக்கப்போகும்போது போட்டுக்கொள்வாராம். ஒமிப்ரசோல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே போக வேண்டும். சாப்பாடு வரும்போதுதான் இரைப்பையின் அமிலப் பம்புகள் விழிக்கும். விழித்திருக்கும் பம்பைத்தான் மருந்து பிடித்து நிறுத்தும். இத்தனை ஆண்டுகளில் யாரும் அவரை உட்காரவைத்து இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

*

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில், செரிமானக் கோளாறுக்காக எண்டோஸ்கோபி செய்துகொண்ட 1000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2004இல் வெளியானது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் இருந்த அந்தக் கூட்டத்தில், இந்தியராக இருப்பதே எதுக்களிப்பு நோய்க்கு ஓர் ஆபத்துக் காரணியாகத் தெரிந்தது. கூடுதல் உடல் எடையும், இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தின் துளை வழியாக மார்புக்குள் ஏறி நிற்கும் ஹையாட்டஸ் ஹெர்னியாவும் அதே பட்டியலில் இருந்தன. நம் வீடுகளில் ஆளுக்கொரு மாத்திரை அட்டை சட்டைப்பையில் இருப்பதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது.

*

தனியாகக் குறித்துவைக்க வேண்டியது. மார்பில் அழுத்தம், வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் “கேஸ்ட்ரிக்தான்” என்று படுக்கக் கூடாது. இருதயம் இல்லை என்று உறுதியான பிறகுதான் வயிற்றைப் பற்றிப் பேச்சு. மலேசியாவில் அழைக்க வேண்டிய எண் 999. விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, கறுத்த மலம், இவற்றில் எது வந்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

*

சர்ஜனின் பெயர் கிடைத்ததும் செய்ய வேண்டியது. மலேசியாவில் 2017 ஜூலை முதல், திருத்தப்பட்ட மருத்துவச் சட்டத்தின்படி, நிபுணராகத் தொழில் செய்பவர் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். பெயரைத் தேடினால் எந்தத் துறை நிபுணர் என்று தெரியும். பொது அறுவை நிபுணர் என்றிருந்தால், உணவுக்குழாய், இரைப்பை அறுவையில் தனிப் பயிற்சி பெற்றவரா என்று நேரிலேயே கேட்டுவிடலாம். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். நல்லவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

*

அரசு வழி: கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கினால் நிபுணர் கிளினிக். அங்கும் கட்டணம் குறைவுதான். காத்திருக்க வேண்டும். லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராசில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை போன்ற போதனா மருத்துவமனைகளில் வயிற்று நிபுணரும் சர்ஜனும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். ஒருவர் அளப்பதை மற்றவர் பார்ப்பார். இரண்டாவது கருத்து கேட்க இது வசதி.

*

சோதனைகள் இரண்டு.

மேனோமெட்ரி: மூக்கு வழியாக மெல்லிய குழாய் இறங்கும். ஒவ்வொரு மிடறாகத் தண்ணீர் கொடுத்து, 10 மிடறு விழுங்கச் சொல்வார்கள். உணவுக்குழாய் எவ்வளவு வலுவாக அழுத்தித் தள்ளுகிறது என்று திரையில் வண்ணத்தில் தெரியும். இது ஏன் முக்கியம்? அகலேசியா என்றொரு நோய் உண்டு. அதில் கீழ்க்கதவு திறக்காது. உணவு தேங்கி மேலே வருவதால் எதுக்களிப்பு மாதிரியே இருக்கும். அந்த நோய் உள்ளவருக்குப் போய்க் கதவை இறுக்கினால் தண்ணீர்கூட இறங்காது.

பிஎச் சோதனை: மூக்கில் குழாய், இடுப்பில் சிறு பெட்டி, 24 மணி நேரம். உணவுக்குழாயில் அமிலம் இருந்த நேரம் 6 விழுக்காட்டுக்கு மேல் போனால் நோய் உறுதி. 4க்குக் கீழே என்றால் இயல்பு. இடைப்பட்டால் மற்ற சான்றுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

*

அண்ணனுக்குப் பிஎச் குழாயைப் பொருத்தி, வழக்கம்போலச் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மூக்கில் குழாயோடு பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். வாழையிலைச் சாப்பாடு. பக்கத்து மேசைக் குழந்தை கண்ணெடுக்காமல் பார்த்தது. ரசம் முடிந்து மோருக்கு வந்தபோது அண்ணன் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். எரிச்சல் வந்தால் அழுத்தச் சொல்லியிருந்தார்கள். கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் பக்கம் போகும் ரயில் ஏறும்வரை இன்னும் இரண்டு முறை அழுத்தினார். இத்தனை ஆண்டுகள் அவர் சொல்ல மட்டுமே முடிந்த ஒன்று அன்று பதிவானது.

*

இந்த அறுவையின் கதை. ருடால்ஃப் நிஸ்ஸன் 1933இல் ஜெர்மனியை விட்டு இஸ்தான்புல் போன யூத மருத்துவர். அங்கே ஒருவரின் உணவுக்குழாயின் புண்பட்ட கீழ்ப்பகுதியை அகற்றி, மீதியை இரைப்பையோடு இணைத்தார். அந்தத் தையலைக் காப்பதற்காக இரைப்பையின் மடிப்பைச் சுற்றிப் போர்த்தினார். பல ஆண்டுகள் கழித்து, அந்த மனிதருக்கு எதுக்களிப்பே இல்லை என்பதைக் கவனித்தார். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இருந்தபோது, 1956இல், அதைத் தனி அறுவை முறையாக வெளியிட்டார். 1991இல் பெல்ஜியத்தில் பெர்னார் டால்மாங் அதையே சிறு துளைகள் வழியாகச் செய்த அனுபவத்தை எழுதினார்.

கழுத்தில் துண்டைச் சுற்றுவதுபோல, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைக்கிறார்கள். முழுச் சுற்று நிஸ்ஸன் முறை. பின்புறமாக முக்கால் சுற்று தூப்பே முறை.

*

கேட்க வேண்டிய கேள்விகள். அண்ணனுக்காக அட்டையில் எழுதியது:

இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?
எந்தச் சோதனைகள் முடிந்தபின் முடிவெடுப்பீர்கள்?
முழுச் சுற்றா, முக்கால் சுற்றா, ஏன்?
உங்களிடம் செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் மறுபடி மாத்திரைக்குப் போனார்கள்?
சுற்று அவிழ்ந்தாலோ நழுவினாலோ மறு அறுவையை நீங்களே செய்வீர்களா?
அறுவை வேண்டாம் என்று யாரைத் திருப்பி அனுப்புவீர்கள்?

*

ஸ்வீடனில் இந்த அறுவை செய்துகொண்ட 2655 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்டார்கள். 17.7 விழுக்காட்டினருக்கு எதுக்களிப்பு திரும்ப வந்தது. அவர்களில் பெரும்பாலோர் மாத்திரைக்குத் திரும்பினார்கள், சிலருக்கு மறு அறுவை. அண்ணனிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். சொன்னேன். “அப்ப நூத்துக்கு எம்பதுக்கு மேல நல்லாத்தானே இருக்காங்க” என்றார்.

*

இரண்டாவது சர்ஜன் ஒரு பெண்மணி. அட்டையை வாங்கி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கினார். அமில அளவு இயல்பாக இருப்பவர்களைத் திருப்பி அனுப்புவேன் என்றார். உடல் மிகப் பருத்தவர்களுக்கு இந்தச் சுற்றைவிட இரைப்பை பைபாஸ் பொருந்தும் என்றார். பிறகு தாளில் படம் வரைந்தார்.

அண்ணனின் அமில நேரம் 9 விழுக்காடு. ஹெர்னியா 3 சென்டிமீட்டர், அதாவது இரைப்பை அந்த அளவுக்கு மார்புக்குள் ஏறி நிற்கிறது. 10 மிடறில் 4 வலுக்குறைந்தவை. அதனால் முக்கால் சுற்றுப் போதும் என்றார். முதல் சில வாரங்கள் கஞ்சி, கூழ் போன்றவைதான். விழுங்கும்போது இறுக்கமாக இருக்கும். ஏப்பம் சரியாக வராமல் வயிறு உப்பலாம். எதையும் மறைக்கவில்லை.

உடனே தேதி கொடுக்கவும் இல்லை. 8 வாரம் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட வேண்டும். சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துத்தான் படுக்க வேண்டும், இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும். பிறகு வாருங்கள் என்றார்.

*

8 வாரம் முடிந்தது. எரிச்சல் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. எதுக்களிப்பு குறையவில்லை. செங்கல்லும் எடுக்கப்படவில்லை. இப்போது தேதி கிடைத்திருக்கிறது.

முதலில் பார்த்தவரிடமே போயிருந்தால் எப்போதோ முடிந்திருக்குமே என்று உறவில் ஒருவர் கேட்டார். நான் பதில் தேடிக்கொண்டிருக்க, அண்ணன் சொன்னார்:

“இவங்க நான் முழுங்குன பத்து மிடறையும் பாத்திருக்காங்கல்ல.”