சிவப்புக் கோடு போட்டது

"போன தபா குடுத்தியே, சிவப்புக் கோடு போட்டது, அத்தயே குடும்மா."

கேட்டவருக்கு நாற்பது வயதிருக்கும். மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கவுன்டரில் கையூன்றி நிற்கிறார். காலர் மடிப்பில் கரி. அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பேசி முடிக்குமுன் இருமல் வந்துவிட்டது.

அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனிலிருந்து வரும் சாலையில் இருக்கிறது அந்த மெடிக்கல். நான் கேட்ட பிரஷர் மாத்திரை இருப்பில் இல்லை. மீஞ்சூரிலிருந்து பையன் எடுத்துவருகிறான், உட்காருங்க சார் என்று முதலாளி ஒரு ஸ்டூலைக் காட்டியிருந்தார். மார்கழிச் சாயங்காலம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சளி.

அந்தச் சிவப்புக் கோடு எச்சரிக்கைக்காக வந்தது. 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அதை ஊரெல்லாம் விளம்பரம் செய்தது: அட்டையின் பின்புறம் செங்குத்தாகக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று. படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற குறி வேண்டுமென்று யோசித்திருக்கிறார்கள். புரிந்துவிட்டது. கோடு இருந்தால் பவர் ஜாஸ்தி.

கவுன்டரில் நிற்கும் பெண் டிப்ளமோ முடித்துப் பதிவு செய்த பார்மசிஸ்ட். இருபத்தைந்து வயது சொல்லலாம். எங்கோ ஒரு வகுப்புக்குப் போய் வந்திருக்கிறாள் போலும். இழுப்பறையின் உள்பக்கம் கையால் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்காமலே கேட்கிறாள்.

"எத்தனை நாளா இருமல்ணே? ஜுரம் இருக்கா? மூச்சு வாங்குதா? சளியில ரத்தம் ஏதாவது?"

"ஒரு வாரம். ஜுரம்லாம் போயிருச்சி. ராத்திரிதான் கொல்லுது."

"போன தடவை இந்த மாத்திரையில நின்னுச்சா?"

"நின்னுச்சே. பத்து பன்னெண்டு நாள்ல சுத்தமா நின்னுச்சி."

"அது மூணு நாள் மாத்திரைண்ணே. மத்த நாளெல்லாம் அதுவாதான் சரியாகியிருக்கு."

அவர் அவளை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. சளிக்காய்ச்சலுக்குப் பின் வரும் இருமல் சராசரியாகப் பதினெட்டு நாள் இழுக்கும். நாமோ ஒரு வாரத்தில் நிற்க வேண்டுமென்று எதிர்பார்க்கிறோம். இந்த இடைவெளியில்தான் ஆன்டிபயாடிக் விற்கிறது. 2023 மார்ச்சில் இன்புளூயன்சா பரவியபோது இந்திய மருத்துவச் சங்கம் தன் டாக்டர்களுக்கே இதை எழுத வேண்டியிருந்தது: காய்ச்சல் மூன்று நாளில் போகும், இருமல் மூன்று வாரம் வரை இருக்கும், அசித்ரோமைசினை வாரிக் கொடுக்காதீர்கள்.

அத்திப்பட்டில் மூன்று வாரம் என்பதும் நிச்சயமில்லை. தொண்ணூறுகளில் வந்த வடசென்னை அனல்மின் நிலையம், நிலக்கரி இறக்குவதற்கென்றே 2001-ல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், பக்கத்தில் வல்லூர் மின்நிலையம், சாம்பல் குளங்கள், நாள் முழுக்க லாரிகள். தூசியால் வரும் இருமலுக்குக் கிருமியைக் கொல்லும் மாத்திரை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாததால் அடுத்த தடவை இன்னும் ஸ்ட்ராங்காகக் கேட்கிறார்கள்.

"வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்பளிங்க. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே."

"ரெஸ்ட் எடுத்தா கூலிய நீ குடுப்பியா?"

அதற்கு அந்தத் தாளில் பதில் இருந்திருக்காது. நாலு பாராசிட்டமாலும் இருமல் மிட்டாயும் வாங்கிக்கொண்டு, முகத்தில் அதிருப்தியோடு இறங்கிப் போனார்.

அடுத்து ஒரு வடநாட்டுப் பையன். பேசாமல் போனை நீட்டினான். காலி அட்டையின் படம், செபிக்சைம் 200. அவள் நீளமான நோட்டைத் தட்டிக் காட்டினாள். "சிட்டி? டாக்டர் சிட்டி?" தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் எச்1 பட்டியல் மருந்துகளுக்கான நோட்டு அது. நோயாளி பெயர், சீட்டு எழுதிய டாக்டர், கொடுத்த அளவு எல்லாம் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். செபிக்சைம் அதில் உண்டு, லீவோபிளாக்சசின் உண்டு. அசித்ரோமைசின் கிடையாது. சீட்டு வேண்டும் என்ற பழைய எச் பட்டியல் விதியோடு சரி, நோட்டில் ஏறாது. 2019-ம் ஆண்டின் தனியார் சந்தைக் கணக்கை எடுத்துப் பார்த்தவர்கள், நாட்டில் மிக அதிகமாக விழுங்கப்பட்ட ஆன்டிபயாடிக் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை என்றார்கள். இரண்டாவது இந்தச் செபிக்சைம் 200. இரண்டையும் பார்த்துப் புழங்க வேண்டியவை என்று உலக சுகாதார நிறுவனம் தனி வகையில் வைத்திருக்கிறது.

ஆன்டிபயாடிக்கை இப்படி விழுங்கினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும் என்ற கவலை சென்னைக்குப் புதிதில்லை. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத என்டிஎம்-1 கிருமிகள் பற்றி 2010-ல் உலகைப் பதறவைத்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்து கார்த்திகேயன் குமாரசாமி. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி வெளியிட்டதுதான் சென்னைப் பிரகடனம். சீட்டில்லாத விற்பனையை ஒரேயடியாகத் தடுத்தால் டாக்டர் இல்லாத ஊரில் உண்மையிலேயே தேவைப்படுகிறவருக்கும் கிடைக்காது, படிப்படியாகப் போவோம் என்றது அது. நியாயம்தான். பத்தாண்டுக்கு மேல் ஆகியும் அசித்ரோமைசின் படியிலேயே நிற்கிறது.

ஏழரைக்கு ஒரு தாய், இடுப்பில் குழந்தை. "சளிக்கு டானிக் குடும்மா, பால் குடிக்க மாட்டேங்குது."

கவுன்டர் பெண் டானிக்கை எடுக்கவில்லை. கவுன்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "என்ன வயசுக்கா?" "ரெண்டு ஆவப்போவுது." சட்டையை மேலே தூக்கச் சொல்லி, போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினாள். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். "சீக்கிரம் பாரும்மா" என்றார் முதலாளி. அவள் நிமிரவில்லை. எண்ணி முடித்ததும் குரல் மாறிவிட்டது. "ஐம்பத்தி ரெண்டுக்கா. இந்த வயசுக்கு நாற்பதுக்கு மேல போகக்கூடாது. டானிக் வேணாம், இப்பவே ஆட்டோ புடிச்சு மீஞ்சூர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க. நெஞ்சுல சளி கட்டியிருக்கலாம்."

அந்தக் குழந்தைக்கு நிமோனியா என்றால் ஆன்டிபயாடிக் வேண்டும், தாமதமில்லாமல் வேண்டும். பார்மசிஸ்ட் பயிற்சி என்றால் இல்லை என்று சொல்லப் பழக்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த எண்ணிக்கை அதைவிடப் பெரிய விஷயம். இருமல் இரண்டு வாரம் தாண்டியவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவதும் அப்படியே. டெல்லி, மும்பை, பாட்னா மருந்துக்கடைகளுக்குக் காசநோய் அறிகுறி சொல்லும் நடிகர்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு 2016-ல் வந்தது. காசநோய் மருந்தை ஒரு கடையும் தரவில்லை. ஆனால் வேறு ஆன்டிபயாடிக்கைப் பத்தில் நாலு தடவை அளவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். லீவோபிளாக்சசினில் இருமல் கொஞ்சம் அடங்கும். நோய் அடங்காது.

எட்டு மணிக்கு அவள் வெள்ளைக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு ஓடினாள். சுவரில் அவளுடைய பதிவுச் சான்றிதழ் கண்ணாடிக்குள் இருக்கிறது. கவுன்டருக்கு முதலாளி வந்தார்.

"அண்ணே, சளி, உடம்பு வலி. ஒரு செட்டு."

கத்தரி எடுத்தார். மூன்று அட்டைகளிலிருந்து மூன்று மூன்றாக வெட்டி, காகிதக் கவரில் போட்டு, மேலே கோடு கிழித்தார்: காலை, இரவு. எத்தனை நாளாய் என்று கேட்கவில்லை. அரை நிமிடம் ஆகியிருக்காது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நான் குடுக்கலேன்னா எதிர்க்கடையில குடுப்பான் சார்" என்றார். கெட்டவர் இல்லை. அந்தத் தாய்க்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

பதிவு பெற்ற பார்மசிஸ்ட் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டு மருந்தைக் கொடுக்கக்கூடாது என்கிறது 1948-ம் ஆண்டுச் சட்டம். பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டில் இரண்டு ஒருநாள் பயிற்சிகள் கேட்கின்றன 2015-ம் ஆண்டு விதிகள். ஹனோய் நகரத்துத் தனியார் மருந்துக்கடைகளில் வகுப்போடு ஆய்வாளர் சோதனை, பக்கத்துக் கடைக்காரர்களின் கண்காணிப்பு என மூன்றையும் சேர்த்துச் செய்தபோது சளிக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது குறைந்தது, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்பது கூடியது. 2002-ல் வெளியான முடிவு. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கிறார்களா என்று பார்க்க, கேரளம் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்று கடைகடையாகச் சோதனைக்கு இறங்கியது.

பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழில் பெயர் இருப்பவரை மட்டும் கூப்பிடாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் கல்லாவில் உட்காருகிறவரையும், எதிர்க்கடைக்காரரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து நடத்துங்கள். சம்பளம் வாங்குகிற பெண் கற்றுக்கொண்டு என்ன, கடை அவளுடையதில்லையே.