ஓசையைச் சுமக்காத கம்பி



குருமனையின் பின்னறை மேசையின்மேல் கீபோர்டு, கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டி, இரண்டு ஒலிபெருக்கிகள் ஆகியவை குடியேறியிருப்பதைச் சபையாரில் பலர் கண்டிருக்கிறீர்கள். ‘ஐயருக்கு இந்த வயதில் ஸ்டுடியோ எதற்கு?’ என்று விசாரித்தவர்களும் உண்டு. காரணம் ஒன்றே. எண்பது வயதைக் கடந்த நம் ஆச்சி ஒருவர், தம் தாயாரிடம் கற்ற மெட்டில் ஏழு கீர்த்தனைகளைப் பாடுகிறார். சொற்கள் அச்சிட்ட புத்தகத்தில் இருக்கின்றன. அந்த மெட்டோ அவருடைய தொண்டையில் மட்டுமே இருக்கிறது. ஆண்டுக்காண்டு அவருக்கு மூச்சு குறுகி வருகிறது.

இவ்விதமான சிறு அறையில் கருவிகளை இணைக்கப் புறப்படுகிறவர், மேசைக்குப் பின்னால் தொங்கும் கம்பிகள் இரு வகைப்பட்டவை என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு வகை ஓசையைச் சுமக்கிறது. மற்றொரு வகை செய்தியை மாத்திரம் சுமக்கிறது. இந்தச் செய்திக் கம்பிக்கு மிடி என்று பெயர். ஆங்கிலப் பெயரொன்றின் முதலெழுத்துகளே அது. தமிழில் மிடி என்றால் வறுமை. அந்தப் பொருளும் இங்கே பொருந்தாமல் போகவில்லை.

நடு ஸ்தாயியின் ‘சி’ கட்டையை அழுத்தினால் மிடிக் கம்பி வழியே போகிறவை மூன்று எண்களே. இன்ன சேனலில் ஒரு கட்டை அழுத்தப்பட்டது என்பது ஒன்று. அந்தக் கட்டையின் எண் 60 என்பது இரண்டு. அழுத்திய வேகம் 127க்குள் இவ்வளவு என்பது மூன்று. விரலை எடுத்ததும் வேறொரு செய்தி புறப்படும். அது வழியில் தொலைந்தால் ஸ்வரம் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆராதனையின் நடுவில் நேர்ந்தால் சபை முழுவதும் திரும்பிப் பார்க்கும். இந்த எண்களைப் பெற்றுக்கொள்ளும் கருவிதான் அவற்றைப் பியானோவாகவோ வயலினாகவோ ஒலிக்கச் செய்கிறது.

இந்த ஏற்பாடு உண்டான விதமும் நினைவுகூரத்தக்கது. அக்காலத்தில் ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேசாது. அமெரிக்கரான டேவ் ஸ்மித் 1981இல் பொதுவான இணைப்பு முறையொன்றை முன்மொழிந்தார். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி அதற்குப் பெருந்துணையாக நின்றார். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இருவருடைய நிறுவனக் கருவிகளும் இந்த முறையில் இணைக்கப்பட்டு இயங்கிக் காட்டின. போட்டியாளர்களாகிய அவர்கள் இந்த முறைக்கு உரிமைக் கட்டணம் வாங்கவில்லை. ஆகவேதான், பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நம் ஆலயக் கீபோர்டும் இன்றைய கணினியும் தடையின்றிப் பேசிக்கொள்கின்றன.

இணைக்கும் முறை கடினமானதன்று. கீபோர்டின் ‘அவுட்’ துளையிலிருந்து இன்டர்ஃபேஸின் ‘இன்’ துளைக்கு ஐந்து முனைக் கம்பி செல்ல வேண்டும். அவுட்டை அவுட்டோடு இணைத்தால் இருவர் ஒரே நேரத்தில் பேச, கேட்பாரில்லாமற் போகும். கம்பி 15 மீட்டரைத் தாண்டலாகாது. புதிய கீபோர்டுகளில் இதே செய்தி யூ.எஸ்.பி. வழியாகவே போய்விடும். கணினி தான் பெற்ற செய்தியைக் கீபோர்டுக்கே திருப்பி அனுப்பும்படி அமைந்திருந்தால், ஒரே ஸ்வரம் இருமுறை ஒலித்துக் கலங்கும். அப்பொழுது கீபோர்டில் ‘லோக்கல்’ என்பதை நிறுத்திவிட வேண்டும். கட்டைகளுக்கும் அதன் சொந்த ஒலிக்கும் உள்ள உட்தொடர்பு அறுபட்டு, கணினி சொல்லும்போது மாத்திரம் அது ஒலிக்கும்.

ஓசையைச் சுமக்கும் கம்பிகளுக்கு அதிகக் கவனம் தேவை. மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் மிக மெல்லியது. அதற்கான மூன்று முனைக் கம்பிக்குள் ஒரே ஒலி இரண்டு இழைகளில் ஒன்றுக்கொன்று தலைகீழாகச் செல்கிறது. வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே விதமாகப் படிகிறது. மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் நீங்கி ஒலி நிலைக்கிறது. கீபோர்டின் சாதாரணக் கம்பிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கீபோர்டை ஒரு சுவரிலும் கணினியை எதிர்ச்சுவரிலும் செருகினால் 50 ஹெர்ட்ஸ் முனகல் எழக்கூடும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். மிடி இணைப்போ இந்த வம்புக்கு வராது. பெறும் கருவிக்குள் செய்தி ஒளியாக மாறித் தாண்டுவதால் இரண்டு கருவிகளுக்கும் நேரடி மின்தொடர்பே கிடையாது.

கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கிகளை அடக்கிய பின்பே அதைப் போட வேண்டும். விலையுயர்ந்த மைக் வாங்கத் துடிப்பவர்களுக்கு என் ஆலோசனை, முதலில் மின்விசிறியை நிறுத்தி, பாடுகிறவருக்குப் பின்னால் இரண்டு கனத்த ஜமுக்காளங்களைத் தொங்கவிடுங்கள் என்பதே.

இனி, எங்களுக்குள் எழுந்த கருத்து வேற்றுமையைச் சொல்கிறேன். கீபோர்டு வாசிக்கும் தம்பி கெட்டிக்காரர். தாளக் கட்டையின் ‘டிக் டிக்’ ஒலியை ஹெட்ஃபோனில் கொடுத்து, அதற்கேற்ப முதலில் தாம் வாசித்துப் பதிவுசெய்துகொண்டு, பிறகு ஆச்சியை அதன்மேல் பாடவைக்கலாம் என்றார். உலகெங்கும் உள்ள வழக்கம் அதுவே. நான் இணங்கவில்லை. மிடியாகப் பதிந்ததை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். சுருதி இரண்டு கட்டை இறங்க வேண்டுமானால் ஒவ்வோர் எண்ணிலும் இரண்டைக் கழித்தால் போதும். காலப்பிரமாணத்தை மாற்றினாலும் சுருதி மாறாது. தவறிய விரலை மறுவாரம் சரிசெய்யலாம். ஆச்சியின் குரலுக்கு அந்த வசதி இல்லை. அவர் மூன்றாம் சரணத்துக்கு முன் மூச்சு வாங்க எவ்வளவு நேரம் எடுப்பாரோ, அவ்வளவு நேரமும் அந்தப் பாட்டைச் சேர்ந்தது. ஆகையால் குரல் முன்னே செல்லட்டும், கருவி பின்தொடரட்டும் என்று தீர்மானித்தேன்.

வேறொரு காரணமும் உண்டு. மிடியின் கட்டை எண்கள் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகவே ஏறுகின்றன. தோடியின் காந்தாரம் அப்படி ஓரிடத்தில் நிற்பதன்று. அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். சுருதியை வளைக்கும் சக்கரம் கீபோர்டில் உண்டு. அது 16,384 நிலைகளில் நகரும். ஆனால் இரு கைகளாலும் வாசிக்கிறவருக்கு அதைச் சுழற்ற மூன்றாம் கை வேண்டும். முதலாம் கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்தில் பவுல், வாத்தியங்களின் ஸ்வரங்கள் தனித்தனியே தெளிவாகக் கேட்க வேண்டியதைக் குறிப்பிடுகிறார். கீபோர்டு அதை நன்றாகவே செய்கிறது. ஆச்சியின் மெட்டு இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருப்பதுதான் சிக்கல். இளையோர் சில ஆண்டுகளாக அந்த இடங்களை நேராக்கிப் பாடுவது, கீபோர்டில் கேட்டதைப் பாடிப் பழகியதால்தான் என்று எண்ணுகிறேன்.

பதிவு நாளில் தம்புராவின் சுருதி மாத்திரம் ஹெட்ஃபோனில். முதலில் ஆச்சி அதைக் கழற்றிவிட்டார். தம் குரல் தமக்கே பிந்திக் கேட்கிறதென்றார். அவர் காது சொன்னது சரி. கணினி ஒலியை 1,024 துளிகளாகச் சேர்த்துச் சேர்த்துக் கையாளும்படி வைத்திருந்தது. நொடிக்கு 48,000 துளிகள் என்ற கணக்கில் அதுவே ஏறத்தாழ நொடியின் ஐம்பதில் ஒரு பங்குத் தாமதம். தம்பி அதை 256ஆகக் குறைத்ததோடு, குரல் கணினிக்குள் போய்வராமல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேராகக் காதுக்குச் செல்லும்படி பொத்தானைத் திருப்பினார். ஆச்சி தலையசைத்தார்.

“இனி பாடலாம் ஐயா. கதவைச் சாத்துங்க.”

மூன்று கீர்த்தனைகள் பதிவாகியுள்ளன. தம்பி இப்போது குரலுக்குப் பின்னால், கட்டைகளைக் குறைத்து, நீண்ட இடைவெளி விட்டு வாசிக்கிறார், திருத்தங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. மீதமுள்ள நான்கும் மழை ஓய்ந்த பின்புதான். பின்னறைக்குத் தகரக் கூரை.