நரம்பு போகும் வழி

சயாட்டிகா என்பது ஒரு வலி இறங்கும் தடத்தின் பெயர். அந்தத் தடத்தில் எங்கே எது சிக்கியிருக்கிறது என்பதுதான் நோய். இந்த வித்தியாசம் புரிய எனக்கு நான்கு மாதம் ஆனது. அதுவரை வீட்டில் ‘வாயு’ என்றார்கள், அலுவலகத்தில் ‘பேக் பெயின்’ என்றார்கள். எனக்கோ முதுகில் பெரிதாக வலியே இல்லை. இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போய், சுண்டுவிரலில் முடிந்தது. தும்மினால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். நிற்கலாம், நடக்கலாம். உட்கார முடியாது. நாளுக்கு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து செய்யும் வேலையில் இருப்பவருக்கு இது சம்பளப் பிரச்சினை.

அந்தத் தடம் கற்பனையல்ல. கீழ் முதுகின் எல் 4, எல் 5, அதற்கும் கீழே எஸ் 1 முதல் எஸ் 3 வரையான நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து உருவாவது சயாட்டிக் நரம்பு. உடம்பிலேயே தடிமனான நரம்பு அதுதான், ஏறக்குறைய நம் கட்டைவிரல் அகலம். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் இந்த வலி நரம்பால் வருவது என்று 1764இல் இத்தாலிய மருத்துவர் தொமெனிக்கோ கொத்துஞ்ஞோ தனிநூலே எழுதினார். ஆனால் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவது முக்கியக் காரணம் என்று நிலைபெற 1934 வரை ஆனது. அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இருவரின் கட்டுரை அதைச் செய்தது. அழுத்தம் மட்டுமல்ல, டிஸ்க்கின் உள்ளே இருக்கும் கூழ் நரம்பில் பட்டாலே அது வீங்கி எரியும் என்பது பிறகு தெரியவந்தது.

எனக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். ‘டிஸ்க் பல்ஜ்’ என்று ரிப்போர்ட் வந்த அன்றிலிருந்து அம்மா என்னைத் தண்ணீர் கேனைத் தொட விடவில்லை. சித்தப்பா போன் செய்து, “ஆபரேஷன் மட்டும் வேணாம், கால் விழுந்துரும்” என்றார். இந்தப் பயத்துக்கு நடுவில் நான் தேடிப் படித்தவற்றில் இரண்டு விஷயங்கள் என்னை நிதானப்படுத்தின. ஒன்று, 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு: எந்த வலியும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் இருபது வயதில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. இரண்டு, நெதர்லாந்தில் 283 சயாட்டிகா நோயாளிகளை வைத்து நடந்து, 2007இல் வெளியான ஆய்வு. சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வேகமாக வலி குறைந்தது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் அறுவைக்குப் போனார்கள். ஆனால் வருட முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். எனக்குத் தேவைப்பட்டது, அந்தக் காத்திருப்பைக் கடக்க ஒரு வழி.

அப்படித்தான் கைரோபிராக்டிக். முதலில் போன இடத்தில் பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்றைக் காட்டி, “எலும்பு இடம் மாறியிருக்கு, 24 சிட்டிங் வேணும், பேக்கேஜா கட்டினா குறையும்” என்றார்கள். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கட்டாமல் வந்துவிட்டேன். இடம் மாறிய எலும்பு என்ற பேச்சுக்கு ஒரு பூர்வகதை உண்டு. 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலம் டாவென்போர்ட்டில் டி. டி. பால்மர் என்பவர், காது கேட்காத ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்திச் செவியை மீட்டதாகச் சொன்னதில்தான் இந்த வைத்தியம் பிறந்தது. பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பு விலகலே காரணம் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு இன்றுவரை ஆதாரமில்லை. கையால் முதுகைக் கையாள்வதில் பயன் உண்டா என்பது வேறு கேள்வி.

இரண்டாவதாகப் பார்த்த பெண்மணி கைவைக்கும் முன் அரை மணி நேரம் சோதித்தார். மல்லாந்து படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே மெல்லத் தூக்கினார். பாதி உயரத்தில் அலறிவிட்டேன். நுனிக்காலில் நிற்கச் சொன்னார். குதிகால் தசைநாணைச் சுத்தியால் தட்டினார், இடதுபக்கம் பாதம் சோம்பலாக அசைந்தது. “எஸ் 1” என்றார். பிறகு கேட்டார்: “யூரின் போறதுல சிரமம் இருக்கா? உக்கார்ற இடம் மரத்துப்போகுதா? பாதம் தொங்குதா?” இல்லை என்றேன். “இதுல ஒண்ணு வந்தாலும் என்கிட்ட வராதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிரணும்.” தன்னிடம் வராதே என்று சொன்ன வைத்தியரை நான் நம்பினேன்.

ஆறு முறை போனேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தோளை ஒருபக்கமும் இடுப்பை மறுபக்கமும் பிடித்து ஒரே ஒரு சிறு உந்தல். ‘டக்’. அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தமல்ல. மூட்டுத் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக்குழி உருவாவதால் வருவது, விரல் சொடக்கு மாதிரியே. “சத்தம் வரலைன்னா பலன் இல்லையா?” என்றேன். “சத்தம் உங்க திருப்திக்கு” என்றார். வீட்டில் செய்ய மூன்று பயிற்சிகளும், தினம் இருமுறை நடையும் தந்தார்.

மூன்றாவது வாரம் சுண்டுவிரலில் வலி நின்றது, கெண்டைக்காலில் இருந்தது. பிறகு தொடை. பிறகு பிட்டம் மட்டும். வலி மேலே ஏறினால் நல்லது, கீழே இறங்கினால் சொல்லுங்கள் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். வந்த வழியே அது திரும்பிப் போனது.

இதை அவர் கை செய்ததா, நாட்கள் செய்தனவா? பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. 2006இல் இத்தாலியில் 102 பேரிடம் நடத்திய ஆய்வில், உண்மையான கையாளல் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குக் காலில் இறங்கும் வலி நின்றது. பாவனையாகச் செய்யப்பட்டவர்களில் 20 சதவீதம்தான். ஆனால் டிஸ்க் பிதுக்கத்தில் வித்தியாசமில்லை. 2014இல் அமெரிக்காவில் 192 பேரிடம் பார்த்தபோது, பயிற்சியோடு கையாளலும் பெற்றவர்கள் 12 வாரத்தில் முன்னே இருந்தார்கள். வருட முடிவில் கால்வலியில் பெரிய வேறுபாடில்லை. அதாவது அது டிஸ்க்கை உள்ளே தள்ளுவதில்லை, உடம்பு தானே ஆறும் காலத்தைத் தாங்க வைக்கிறது. எனக்கு அது சின்ன உதவியல்ல. அந்த வாரங்களில்தான் நான் வேலையை விடாமல் இருந்தேன்.

அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். எப்போதும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். அவசரம் என்று நினைத்திருந்தோம். வலது பின்பாக்கெட்டில் பர்ஸ் வைக்க மாட்டார். பாட்டி அவர் காலில் உலக்கையை உருட்டுவாள், தைலம் தேய்ப்பாள், வாயு என்பாள். போன மாதம் அவரிடம், “எதுவரைக்கும் வலிக்கும்ப்பா?” என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் யாரும் கேட்டிராத கேள்வி போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்தார். பிட்டத்தில் கை வைத்து, தொடைக்கு வெளிப்புறமாகக் கொண்டுவந்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் திருப்பி, காலின் பெருவிரலைத் தொட்டுக் காட்டினார்.

எல் 5 ஆக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவரை அந்தப் பெண்மணியிடம் அழைத்துப் போகிறேன். முதலில் காலைத் தூக்கிப் பார்க்கட்டும்.