மண் பார்த்துப் போட்ட தடங்கள்

ஓடக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது ஷூவைப் பற்றி. நான் முதலில் கேட்பது, இப்போது எந்த வழியாக ஓடுகிறாய் என்று. அநேகமாக எல்லோருக்கும் ஒரே பதில்தான்: பஸ் நிறுத்தத்திலிருந்து அடுத்த ஊர் விலக்கு வரை தார் ரோடு, திரும்பி அதே வழி. அவர்கள் குறிவைக்கிற காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில். அதற்கு ரோடு போதாதா என்பார்கள். தேர்வு ஒருநாள் கூத்து. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஓட வேண்டியிருக்கிறது. அத்தனை மாதமும் ஒரே மாதிரித் தரையில் ஒரே மாதிரிக் கால் விழுந்தால் கணுக்கால் கெட்டிப்படாது, முழங்கால் நோகும், மனசும் சலித்துவிடும். ஆகவே என்னிடம் வருகிறவர்கள் வேகத்தைத் தொடுவதற்கு முன்னால் தடம் போடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் குரும்பூருக்குத் தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்தில். சின்ன ஊர்தான். ஆனால் வடக்கே நடந்தால் நஞ்சை, தெற்கே நடந்தால் தேரி. 1873-இல் முடிந்த ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தென்கால் வழியாக வருகிற தாமிரபரணித் தண்ணீர் கடம்பாகுளத்தையும் மற்றக் குளங்களையும் நிரப்பி வாழைக்கும் நெல்லுக்கும் பாய்கிறது. அந்த ஈரம் நின்ற இடத்திலிருந்து கொஞ்சதூரம் பனங்காடு. அதற்கப்பால் குதிரைமொழித் தேரி, சுமார் 12,000 ஏக்கர் செம்மணல். ஒரே காலையில் வண்டல், சரள், பொடிமணல் மூன்றையும் மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து பழையது சாப்பிடலாம். இப்படி ஒரு மண் வாய்த்தவர்கள் அதைத் தெரிந்துகொள்ளாமல் ரோட்டிலேயே ஓடுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

எனக்கு மணலில் கால் வைக்கச் சொல்லித் தந்தவர் ஓட்டக்காரர் அல்லர். பனையேறிப் பாட்டையா ஒருவர். இடுப்பில் அரிவாள்பெட்டி, தோளில் தளைநார், கையில் முருக்குத்தடி என்று விடியுமுன் கிளம்பி மரத்துக்கு மரம் போவார். காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும். பதநீர் எடுக்கிற மாதங்களில் அதில் ஒருநாள் தவறினாலும் பாளை கெட்டுவிடும். அத்தனை மரம் ஏறி இறங்கியும் மூச்சு வாங்கமாட்டார். நான் மணலில் திணறுவதைப் பார்த்து ஒருநாள் நிறுத்தினார். என் இடுப்புக்கு மேலே முதுகில் உள்ளங்கையை வைத்து லேசாக முன்னால் தள்ளினார். "ஏலே மக்கா, மண்ண மிதிக்காத. தொட்டுட்டு எடு" என்றார். அவ்வளவுதான் பாடம். அந்தக் கையின் சொரசொரப்பு இன்னும் முதுகில் இருக்கிறது. தேரியில் ஓடுவதைப் பற்றி நான் சொல்லித் தருகிற எல்லாமே அந்த ஒரு சொல்லின் விளக்கம்தான்: அடியைக் குறுக்கு, பாதம் முழுவதும் படட்டும், குதிகாலால் குத்தாதே, மணல் சரிவதற்குள் காலை எடு, முட்டியை ரோட்டில் தூக்குவதைவிட ஒரு கை உயரம் கூடத் தூக்கு. இளகிய மணலில் ஓட, கெட்டித் தரையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். பாட்டையாவுக்கு அது தெரியாது. "ரோட்டுல பத்து தூரம்னா தேரியில ஆறு போதும்" என்று அவர் போட்ட கணக்கும் ஏறக்குறைய அதேதான்.

மேட்டில் நேராக ஏறக்கூடாது என்பதும் அவர் சொன்னதே. போன வருஷம் வந்த ஒரு தம்பி நல்ல நெஞ்சுரம் உள்ளவன். மேடுகளை நேருக்குநேர் முட்டி ஏறினான். மூன்றாவது மேட்டில் கெண்டைக்கால் பிடித்து உட்கார்ந்துவிட்டான். சரிவோடு சாய்ந்து, பாம்பு போகிற மாதிரி வளைந்து ஏறு என்று காட்டினேன். தூரம் கூடுகிறதே என்றான். கூடட்டும். இறங்கும்போது மட்டும் நேராக விடலாம், மணலே தாங்கிக்கொள்ளும்.

தேரித் தடம் நிரந்தரமானதல்ல. ஆனி, ஆடியில் மேல்காற்று எழுந்தால் நேற்றைய கால்தடம் இன்று இருக்காது. சின்ன மேடுகள்கூட இடம் நகர்ந்திருக்கும். அதனால் அங்கே தரையை அடையாளம் வைக்காதீர்கள். மரத்தை வையுங்கள்: ஒற்றைப்பனை, கொல்லாமரக் கூட்டம், கிழக்கே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கத்துப் பசுமை. காற்றுக் காலத்தில் போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது முதுகில் வாங்குங்கள். மாற்றிச் செய்தால், களைத்த நேரத்தில் மணல் கண்ணில் அறையும். கார்த்திகை, மார்கழியில் மழை பெய்து மேல்மண் இறுகியிருக்கிற காலைதான் தேரியின் பொன்னான காலம். அப்போது வெறுங்காலோடு ஓடலாம், உடைமுள் இல்லாத திட்டாகப் பார்த்து. கோடையில் எட்டு மணிக்கு மேல் அங்கே கால் வைக்க முடியாது. சுருட்டை விரியன் உள்ள மண் அது. புதர் ஓரம் குனிந்து எதையும் எடுக்க வேண்டாம்.

குளக்கரை வேறு வேலை. பார்க்க ராஜபாட்டையாகத் தெரியும். இருபுறமும் சீமை உடை வளைந்து நிற்கும், காய்ந்த முள் தரையில் சிதறிக் கிடக்கும். லேசான ஷூவின் அடியைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். கரையில் தடம் போடுவதென்றால் முதல் நாள் வேலை ஓட்டமே அல்ல, கையில் ஒரு வாரியல் வைத்துக்கொண்டு நடப்பது. ஆடு மேய்ந்து போன கரை என்றால் முள் ஓரளவு ஒதுங்கியிருக்கும். மடைக்கு மேலே மண் சற்று அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் உள்ளே தண்ணீர் கசிகிறது என்று பொருள். நீர்ப்பாய்ச்சியிடம் சொல்லிவிட்டு அந்த இடத்தைச் சுற்றிப் போக வேண்டும். மறுகால் பாய்கிற நாளில் கலுங்குக் கல்லைத் தாண்டவே கூடாது. கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று தோன்றும். கல்லில் படிந்த பாசி ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

வரப்பில் நான் யாரையும் ஓடவிடுவதில்லை. பிசான நடவுக்கு முன்னால் மண்வெட்டியால் செதுக்கி, சேறு அணைத்துப் பூசி வைத்த வரப்பு அது. ஓடுகிறவர்கள் நாலு பேர் மிதித்தால் ஓரம் உடைந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும். அடுத்தவர் வேலையைக் கெடுத்து வருகிற உடம்பு எதற்கு? வண்டிப்பாதையில் போங்கள். வாழைத் தோட்டத்து வழி என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். "அண்ணாச்சி, காலையில இந்தப் பக்கமா ஓடிக்கிடட்டா?" என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர் நாயின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாய் குரைத்து வரும்போது ஓட்டத்தை நடையாக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதி கோபம் தணியும். தோட்டத்துக்குள் ஈரச் சருகின் மேல் கால் வைக்காதீர்கள், வழுக்கும்.

அளவு பிடிக்க இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. நான் இன்னும் சைக்கிளைத்தான் நம்புகிறேன். 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். ரிம்மில் ஒரு துணி கட்டி, ஏறாமல் உருட்டிக்கொண்டு எண்ணினால் 1500 மீட்டருக்கு 680 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே வரும். அப்படி உருட்டிக்கொண்டு போகிற நடையில் தரையின் ஒவ்வொரு முழமும் கண்ணில் படுகிறது. போனைப் பார்த்து நடப்பவனுக்கு அது கிடைக்காது. அடையாளத்துக்குப் பனையில் வெட்டுப் போடாதீர்கள். பனையேறிகள் பதநீர் காய்ச்சுகிற விடிலியில் கேட்டால், கலயத்துக்குள் தடவுகிற சுண்ணாம்பில் ஒரு கை கொடுப்பார்கள். மரத்தில் ஒரு பூச்சுப் பூசினால் அடுத்த மழைவரை நிற்கும்.

பெண்பிள்ளைகளுக்குத் தடம் போடும்போது மண்ணைவிட மனிதர்களைப் பார்க்கிறேன். விடிகாலையில் எந்தத் தெருவில் கோலம் போடுகிறார்கள், பால் ஊற்றப் போகிறவர்கள் எந்த முக்கில் நிற்கிறார்கள், டீக்கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, தெருவிளக்கு எதுவரை எரிகிறது. இவற்றையெல்லாம் கோத்துத்தான் அவர்களுடைய வழி. அழகான பனங்காட்டுப் பாதையை அவர்களுக்குக் கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் சேர்ந்து தேரிக்குப் போவது அதற்காகத்தான். மணலில் அவர்கள் ஆண்பிள்ளைகளைவிடச் சீக்கிரம் பழகுகிறார்கள். அடியைக் குறுக்கச் சொன்னால் வீம்பு பிடிப்பதில்லை.

கடல் ஓடிப்போகிற தூரமில்லை. எப்போதாவது பஸ் ஏறி ஆலந்தலைப் பக்கம் போவோம். ஈரமணல் நன்றாக இருக்கும், ஆனால் கரை ஒருபக்கம் சரிவு. இரண்டு காலுக்கும் சரிவு சமமாகப் பட, போன தூரமே திரும்பியும் ஓடிவிட வேண்டும். அங்கே வேறு சூட்சுமம் இல்லை.

2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. குளங்கள் உடைந்தன. அதுவரை நாங்கள் போட்டிருந்த கரைத்தடங்களில் பாதி போய்விட்டது. வண்டிப்பாதை இருந்த இடத்தில் ஓடை. ரோடு துண்டிக்கப்பட்ட அந்த நாட்களில், எந்த மேடு முங்காது, எந்தச் சரளில் கால் நிற்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. பாலும் மாத்திரையும் சுமந்து போனார்கள். தண்ணீர் வடிந்தபிறகு நான் பழைய தடங்களைத் தேடவில்லை. புதுக்கரை போட்டால் அந்த மண் படிய ஒரு மழைக்காலமாவது ஆகும்; அதற்குள் அதன்மேல் கூட்டமாக ஓடினால் ஓரம் சரியும். அதுவரை பனங்காட்டு விளிம்பிலேயே சுற்றிக்கொண்டிருந்தோம்.

இந்தப் புரட்டாசியில் ஒரு புதிய வழி பார்த்து வைத்திருக்கிறேன். வாய்க்கால் கரையில் தொடங்கி, வாழைத்தோட்டங்களின் பின்பக்கமாகப் பனங்காட்டைத் தொட்டு, தேரியின் முதல் மேட்டில் ஏறித் திரும்புவது. இரண்டு தோட்டக்காரர்களிடம் இன்னும் கேட்க வேண்டும். முள் பொறுக்க வேண்டும். சேர விரும்புகிறவர்கள் வாரியலும் ஒரு சாக்கும் எடுத்துக்கொண்டு விடியற்காலை மடைப்பக்கம் வாருங்கள். முதல் மாதம் நடைதான்; ஷூ அப்புறம் வாங்கலாம்.